ஆறரைக்கு முன்னால் வந்தவன்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன், அதிலும் பாதி நாள் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிட்டேன். மறதியும் வந்துவிட்டது. முந்தாநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு இந்த நோட்டைப் பிரித்து உட்கார்ந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, மருமகள் ஓடி வந்து அணைத்தாள். "அப்பிடி இன்னாத்த எழுதுறீங்க?" என்று கேட்டாள். வாங்க வேண்டிய சாமான் என்று சொன்னேன். அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

எங்கள் தெருப் படிப்பகத்தில், வயதான பெண்கள் தாங்கள் செய்த வேலையைப் பற்றி எழுதித் தரலாம் என்று சொன்னார்கள். எழுத முடியாதவர்கள் வாயால் சொன்னால் அவர்களே எழுதிக்கொள்வார்களாம். வாயால் சொல்ல என்னால் ஆகாது. அதனால்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் நல்லதாக நாலு விஷயம் எழுதியிருப்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான், அது நல்ல விஷயம் இல்லை.

பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற இடம் ஒன்றில் ஏழெட்டு வருடம் கூட்டித் துடைக்கிற வேலை செய்தேன். காண்ட்ராக்ட் வேலை. சிவாஜிநகரில் முதல் பஸ் பிடித்துப் போவேன். எந்த இடம் என்று எழுதவில்லை. அங்கே இன்னும் ஆட்கள் வேலை செய்கிறார்கள், தப்பு செய்தது நான்.

என்னை விட்டிருந்தது எம்.ஐ. ரூமில். சின்ன ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். டாக்டர் ஒரு பெண், சின்ன வயது, கன்னடக்காரர். அவருக்குக் கீழே மருந்து கொடுக்கிற ஹவில்தார் ஒருவர், வேலூர் பக்கத்துத் தமிழர். வெளியே இரண்டு பெஞ்சு, உள்ளே ஒரு மறைப்புத் துணி, எடை பார்க்கிற மிஷின், கண்ணாடி அலமாரி. அவ்வளவுதான்.

அங்கே நோவைச் சொல்வதற்கு நேரம் உண்டு. காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, கால்வலியோ, எதுவானாலும் காலை ஆறிலிருந்து ஆறரைக்குள் வந்து சொல்ல வேண்டும். சிக் ரிப்போர்ட் என்பார்கள். முந்தின நாள் சாயங்காலமே, அவர்கள் தங்குகிற பாரக்ஸில் உஸ்தாதிடம் பெயர் கொடுக்க வேண்டும். உஸ்தாது என்றால் அவர்களுக்கு டிரில் சொல்லிக் கொடுக்கிறவர். அவர் சரி என்றால் பெயர் ஒரு நீள நோட்டில் ஏறும். காலையில் ஒருவன் நோட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் வருவான், நோவுக்காரர்கள் பின்னால் வருவார்கள். ஆறரை அடித்ததும் கடைசிப் பெயருக்குக் கீழே ஹவில்தார் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு இழுப்பார். கோட்டுக்குக் கீழே பெயர் எழுத மாட்டார்கள். ரத்தம் கொட்டினால், மயங்கி விழுந்தால் பார்ப்பார்கள். மற்றதெல்லாம் மறுநாள் காலைதான்.

வருகிறவன் எவனும் வெறுங்கையோடு வரக் கூடாது. ஒரு துணிப்பை, அதற்குள் தட்டு, டம்ளர், டவல், சோப்பு, ஒரு ஜோடி துணி. டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டால் அப்படியே வண்டி ஏற வேண்டும், திரும்பிப் போய் எடுக்க விடமாட்டார்கள். தலைவலி என்று வருகிறவன்கூடத் தட்டோடுதான் வருவான். தட்டும் டம்ளரும் பைக்குள் இடித்துக்கொண்டு அவர்கள் வருகிற சத்தம் மைதானத்திலேயே கேட்கும். இன்றைக்கும் பக்கத்து வீட்டில் பாத்திரம் இடித்தால் எனக்கு மணி ஆறு என்று தோன்றுகிறது.

டாக்டர் பார்த்துவிட்டு மூன்றில் ஒன்று எழுதுவார். மாத்திரை வாங்கிக்கொண்டு டியூட்டிக்குப் போ. அல்லது பாரக்ஸில் படுத்திரு. அல்லது ஆஸ்பத்திரிக்குப் போ. அந்த இரண்டாவதுக்காகத்தான் சிலபேர் நடிப்பார்கள். பாவம், பத்தொன்பது இருபது வயது. விடியாமல் எழுந்து ஓடி ஓடி உடம்பு தாங்காமல், ஒருநாள் படுத்துக் கிடந்தால் போதும் என்று இருக்கும். அப்போது நான் பாவம் என்று நினைக்கவில்லை. இப்போதுதான் நினைக்கிறேன்.

மைதானத்திலிருந்து எம்.ஐ. ரூமுக்கு வருகிற பாதை நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் திரும்பும். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் நடக்கிறவனை மைதானத்தில் இருப்பவர்கள் பார்க்கலாம். இந்தப் பக்கம் வந்துவிட்டால் எம்.ஐ. ரூமில் இருப்பவர்கள் பார்க்கலாம். தொட்டியை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் காய் விழுந்து மிதிபட்டால் தரையெல்லாம் பிசுபிசு என்று ஒட்டும். அதனால் காலையில் என் முதல் வேலை அந்தத் திருப்பத்தைக் கூட்டுவது. அங்கே நின்றால் இரண்டு பக்கமும் தெரியும். கூட்டுகிற கிழவியை யாரும் ஓர் ஆளாக நினைப்பதில்லை. திருப்பம் வரைக்கும் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டு வருவார்கள். திரும்பினதும் ஒருவன் வயிற்றைப் பிடிப்பான், ஒருவன் நொண்டுவான்.

ஒருநாள் வயிற்றுவலி என்று வந்தவன் ஒருவன் மரத்துக்குப் பின்னால் நின்று வேர்க்கடலை தின்றான். தோலை நான்தான் கூட்டினேன். ஹவில்தார் வெளியே வந்தபோது, "சார், கல்லத் தோல போடற எடத்துல போடச் சொல்லுங்க சார்" என்றேன். கோள் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் என் முறத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார்.

"யாருடா அது வயித்து வலி? வாடா கண்ணு. வயிறு வலிச்சா கல்ல துன்னணும்னு எந்த டாக்டர்டா சொன்னாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். அன்றைக்கு எனக்கு டீ வந்தது. தினமும் பேப்பர் கப்பில் வரும், வாசல்படியில் உட்கார்ந்து குடிப்பேன். அன்றைக்கு அவர்கள் குடிக்கிற கண்ணாடி டம்ளரில் வந்தது. "உள்ள வந்து ஸ்டூல்ல குந்து ஆயாம்மா" என்றார் ஹவில்தார்.

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதினால்தான் மற்றது புரியும். என்னை யாரும் எதையும் கேட்டதில்லை. கல்யாணத்துக்குக் கேட்கவில்லை. மகனுக்குப் பெண் பார்த்தபோது கேட்கவில்லை. வீடு மாற்றும்போது சாமானை எடு என்றுதான் சொன்னார்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது, அதனால் கேட்பதும் இல்லை. அந்த எம்.ஐ. ரூமில்தான் முதல்முறையாக ஒருவர் என் முகத்தைப் பார்த்து, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார்.

அதற்குப் பிறகு தினமும் கேட்டார். "ஆயாம்மா, இன்னிக்கு எத்தினி படம் ரிலீசு?" என்பார். நான் விரலைக் காட்டுவேன். ஒன்று, இரண்டு. எவன் என்று கண்ணால் காட்டுவேன். ஒருவன் திங்கட்கிழமை இடது காலை நொண்டி, புதன்கிழமை வலது காலை நொண்டினான். அதைச் சொன்னபோது ஹவில்தார் வயிறு குலுங்கச் சிரித்தார். "டேய், காலுக்கு ஷிப்ட் போட்டுட்டியாடா? மிலிட்டரிக்கே டைம் டேபிள் போடறவன்டா நீ." அந்தப் பையனும் அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு போனான். நான் சொன்னது நிறைய நாள் சரியாகவே இருந்தது. அதுதான் கெடுத்தது. பிறகு ஹவில்தாருக்கு ஒருவன் மேல் சந்தேகம் வந்தால் டாக்டரிடமே சொல்வார், நம்ம ஆயாம்மாவைக் கேளுங்கள் என்று.

இப்போது அந்தப் பையனைப் பற்றி எழுதுகிறேன்.

ஒல்லியாக, கறுப்பாக இருப்பான். ஆரணிப் பக்கம். மழை விட்டு, காலையில் குளிர் ஆரம்பித்த மாதம். முதல் தடவை அவன் வந்தபோது, திருப்பத்துக்கு அந்தப் பக்கம் நேராக நடந்தான். மற்றவர்களைவிட நேராக, பரேடில் நடப்பது போல. தொட்டியைத் தாண்டினதும் இடது காலை நொண்ட ஆரம்பித்தான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. இன்னொரு படம் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு ஹவில்தார் கேட்கவில்லை, கூட்டம் அதிகம். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி என்றான். மாத்திரையும் சுற்றுகிற துணியும் கொடுத்து டியூட்டிக்கு அனுப்பினார்கள்.

நாலைந்து நாள் கழித்து மறுபடி வந்தான். நான் தொட்டிக் குழாயில் பக்கெட்டை நிரப்பிக்கொண்டிருந்தேன். வரிசை முன்னால் போய்விட்டது. கடைசியாக வந்தவன் நின்றான்.

"குடுங்கம்மா, நான் எத்துக்கினு வரேன்."

"வேணாம்பா. நோவுன்னு வந்தவன் நீ."

"காலுதாம்மா வலி. கையில்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தான். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கெட்டைத் தூக்கினான். மெதுவாகத்தான் நடந்தான், ஆனால் நொண்டவில்லை. நடக்கும்போது நான் ஊர் எது, வீட்டில் யார் என்று கேட்டேன். அம்மா மட்டும்தான் என்றான். அரிசி மில்லில் நெல் காயவைக்கிற வேலை.

"கசம் பரேடுக்கு வரேன்னு சொல்லிக்கினு கீது. அது ரயிலே ஏறினதில்லம்மா. இப்பவே புதுப் பொடவை எடுத்து வச்சிக்கிச்சாம்."

கசம் பரேடு என்பது பயிற்சி முடிந்து சத்தியம் எடுத்துக்கொள்கிற அணிவகுப்பு. ஊரிலிருந்து அப்பா அம்மாவெல்லாம் வருவார்கள்.

"எப்பிடியாவது இந்த பேட்ச்லயே முடிச்சிரணும்மா. ரொம்ப நாளு ஓடாம படுத்துட்டா அடுத்த பேட்ச்சுக்குத் தள்ளிடுவாங்க. அது பாட்டுக்குப் பொடவையக் கட்டிக்கினு வந்து, என்னக் காணோம்னு தேடிக்கினு நிக்கும்."

படியில் பக்கெட்டை வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றான். வைத்த பிறகு ஒரு நிமிஷம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதையும் எழுதுகிறேன்.

நான் உள்ளே தரை துடைத்துக்கொண்டிருந்தேன். மறைப்புத் துணிக்குப் பின்னால் டாக்டர் அவன் காலை அமுக்கிப் பார்க்கிற சத்தம், அவன் மூச்சை இழுக்கிற சத்தம். டாக்டர் வெளியே வந்து ஹவில்தாரிடம் இந்தியில் பேசினார். எனக்கு அந்த அளவுக்கு இந்தி தெரியும். இரண்டாவது தடவை வருகிறான், எக்ஸ்ரேக்கு அனுப்பட்டுமா என்றார். எக்ஸ்ரே பெரிய ஆஸ்பத்திரியில்தான். அனுப்பினால் ஒருநாள் போய்விடும், காரணம் எழுத வேண்டும். ஹவில்தார் தோளைக் குலுக்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

டாக்டரும் பார்த்தார். என்னோடு அவர் கன்னடத்தில்தான் பேசுவார். "ஆயம்மா, நீவு நோடிதிரா? ஹேகே நடீதானே?" என்றார். நீங்கள் பார்த்தீர்களா, எப்படி நடக்கிறான் என்று.

கையில் ஈரத் துணியோடு நிமிர்ந்தேன். அவ்வளவு படித்தவர் என் பதிலுக்காக நிற்கிறார். அந்தச் சுகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதுதான் அவமானம்.

"சென்னாகி நடீதானே மேடம்" என்றேன். நன்றாக நடக்கிறான். அதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்டதற்கு மேலேயும் சொன்னேன். என் பக்கெட்டைத் தொட்டியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தான், நொண்டவே இல்லை என்று கன்னடத்தில் சொன்னேன்.

மறைப்புத் துணிக்குப் பின்னால் அவன் இருந்தான். அவனுக்குக் கன்னடம் தெரியாது. ஆனால் பக்கெட் என்பது எல்லா பாஷையிலும் பக்கெட்தான்.

டாக்டர் மாத்திரை, டியூட்டி என்று எழுதினார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஒரு மணி நேரத்தில் அத்தனை பேரைப் பார்க்க வேண்டும். அவன் துணிப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். என் பக்கம் திரும்பவில்லை. எனக்குக் கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. குடித்தேன். ருசியாக இருந்தது.

மூன்று நாள் கழித்து, பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அவன் பேட்ச் பையன்கள்.

"அவன் வரலியாடா?"

"பேரு குடுக்கத்தான் போனான். உஸ்தாது வெரட்டி வுட்டுட்டாரு. பக்கெட் தூக்க முடியுது, ரைபிள் தூக்க முடியாதான்னு கேட்டாராம். இப்ப பாரக்ஸ்ல அவன் பேரே பக்கெட்டுதான்."

சொன்னவனே சிரித்தான். "டேய் பக்கெட்டு, தண்ணி மொண்டுக்கினு வாடான்னு தினம் ஒரே ரகளை."

துடைப்பம் என் கையிலேயே நின்றுவிட்டது. நான் டாக்டரிடம் சொன்ன வார்த்தை. ஹவில்தாரிடம் போய், அங்கிருந்து உஸ்தாதிடம் போய், பாரக்ஸ் முழுக்கச் சுற்றித் திரும்ப என் காதுக்கே வந்திருக்கிறது. அப்போதுதான் அந்தக் கைப்பிடிச் சுவர் நினைவுக்கு வந்தது. வலி இல்லாதவன் எதற்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்?

சொல்லிவிடலாம் என்று உள்ளே போனேன். ஹவில்தார் ஸ்கேலை வைத்துச் சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கோடு முடிகிற வரை நின்றேன்.

"இன்னா ஆயாம்மா?"

"ஒண்ணுமில்ல சார்."

"சொல்லு, இன்னா?"

"தொடப்பம் தேஞ்சி போச்சி சார்."

"அத காண்ட்ராக்டராண்ட சொல்லு. என்னாண்ட சொன்னா நானா ஈர்க்குச்சி கட்டப் போறேன்?"

சரி சார் என்று வெளியே வந்துவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அதற்கு அடுத்த நாளோ அதற்கும் மறுநாளோ, காலை பத்து மணிக்கு அவனை ஸ்ட்ரெச்சரில் கொண்டு வந்தார்கள். முதுகில் சுமையோடு நீள ஓட்டம். ஓடிக்கொண்டிருக்கும்போது கால் ஒடிந்துவிட்டது. கல் தடுக்கவில்லை, பள்ளத்தில் விழவில்லை. ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த எலும்பு முறிந்தது என்று டாக்டர் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவன் கத்தவில்லை. முகம் சாம்பல் மாதிரி இருந்தது. ஹவில்தார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இருடா ராஜா, வண்டி வந்துரும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அவனோடு பை இல்லை. சிக் ரிப்போர்ட்டுக்கு வந்தவனாக இருந்தால் பை இருந்திருக்கும். அவன் பேட்ச் பையன் ஒருவன் பாரக்ஸிலிருந்து தட்டும் டம்ளரும் இடிக்க இடிக்கத் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். அதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது. பையை என்னிடம் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கினான். நான் அவனைக் கேட்டேன், ஸ்ட்ரெச்சரில் போனவன் தொட்டி வரைக்கும் நேராகத்தானே நடந்து வருவான், இந்தப் பக்கம் வந்துதானே நொண்டுவான் என்று. என் மேல் தப்பில்லை என்று யாராவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"ஆமாம்மா. மைதானத்துல நொண்டினா உஸ்தாது பாத்துட்டு பேட்ச் மாத்திடுவாருன்னு பயம். தொட்டி வரிக்கும் பல்லக் கடிச்சிக்கினு நேரா வருவான். இந்தப் பக்கம் வந்துட்டாதான் காலத் தளர்த்தி வுடுவான்."

நடிக்கிறவனும் திருப்பத்துக்கு முன்னால் நேராகத்தான் நடப்பான். இவனும் நேராக நடந்தான். வெளியே பார்த்தால் ஒன்றுதான். என் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நொண்டாமல் வந்தது எதற்கு என்று நான் அவனைக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. வயதான பொம்பிளை பக்கத்தில் வருகிறாள், சுமையைத் தூக்கிவிட்டு அவளுக்கு முன்னால் நொண்டுவானா.

கசம் பரேடு நாள் வந்தது. ஊரிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்திருந்தார்கள். பூவும் புதுத்துணியும் பலகாரப் பையுமாக மைதானம் நிறைந்திருந்தது. காலில் மாவுக்கட்டோடு அவனை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்ப அனுப்பியிருந்தார்கள். எம்.ஐ. ரூமுக்குப் பக்கத்து அறையில் படுத்திருந்தான். நான் தினமும் அந்த அறையைத் துடைத்தேன், அவன் கட்டிலுக்கு அடியிலும் துடைத்தேன். "சாப்டீங்களாம்மா?" என்று கேட்பான். தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன்.

பாண்டு வாத்தியம் ஆரம்பித்த நேரத்தில் ஓர் அம்மா பாதையில் வந்தாள். கட்டம் போட்ட புதுப் புடவை, மடிப்புகூடக் கலையவில்லை. கையில் எவர்சில்வர் தூக்கு. யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் கொடுக்கிற நேரத்தில் சின்ன அடி என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறான். மகன் குச்சியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்ததைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள், நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். "எம்புள்ள இல்லாத பரேடுல எனக்கு இன்னா சாமி வேல" என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவனும் காலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, ஒடிவதற்கு முன்னாலேயே வலி இருந்தது என்று சொன்னான்.

நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, நீங்க இங்கியே வேலை செய்றீங்களா? இம்மாம் பெரிய எடத்துல, காலு வலிக்குதுன்னு ஒரு புள்ள சொன்னா கேக்கறதுக்கு ஆளில்லியா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஹவில்தார் இல்லை, டாக்டர் மைதானத்தில் இருந்தார். என்னைத்தான் கேட்டாள். எனக்கு அப்போது நன்றாக வாய் வந்தது.

"அதுக்கெல்லாம் ஆளு இருக்காங்கம்மா. அதுக்குன்னு நேரம் இருக்குது. காலைல ஆறுலருந்து ஆறரைக்குள்ள வந்து சொல்லணும். நேரத்துக்கு வந்து சொல்லியிருந்தா பாத்திருப்பாங்க."

இதை நான் சொன்னேன். அவன் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது, இரண்டு நாளும் நேரத்துக்கு வந்தவன் முன்னால் சொன்னேன்.

அந்த அம்மா மகன் பக்கம் திரும்பினாள். "ஏன்டா, வந்து சொல்றதுக்கு இன்னா? வாயில இன்னா வச்சிருந்த?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். இப்போது சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். பக்கெட் என்று பாரக்ஸே அவனைக் கூப்பிட்டது, அந்த வார்த்தை யாரிடமிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

"தூங்கிட்டம்மா" என்றான். "நேரத்துக்கு எந்திரிக்கல."

"பாத்தீங்களா!" என்று அவன் தோளில் ஒன்று வைத்தாள். "ஸ்கூலுக்குப் போற காலத்துலருந்து இதே கதைதாங்க. மூஞ்சில தண்ணி தெளிச்சாதான் எந்திரிப்பான். இங்க யாரு தெளிக்கிறது?" சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுகை வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் துடைக்கப் போனவள், புதுப் புடவை என்று நினைத்து, கையாலேயே துடைத்துக்கொண்டாள். பிறகு தூக்கைத் திறந்து எனக்கு இரண்டு எள்ளுருண்டை எடுத்துக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டேன்.

டம்ளரைக் கழுவக் குழாயடிக்குப் போனேன். பாண்டு சத்தம் ஓய்கிற வரைக்கும் கழுவிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் ஹவில்தார், "எத்தினி படம் ஆயாம்மா?" என்று கேட்டார், பழைய சிரிப்பு இல்லை, வழக்கத்துக்குக் கேட்டார். "கண்ணு சரியா தெரியல சார்" என்றேன். இனிமேல் சொல்ல மாட்டேன் என்று சொல்லத் தைரியம் இல்லாமல் கண்ணின் மேல் போட்டேன். அவர் அதை டாக்டரிடம் சொல்ல, டாக்டர் என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, டார்ச் அடித்து இரண்டு கண்ணையும் பார்த்தார். வலது கண்ணில் புரை ஆரம்பிக்கிறது, நல்லவேளை சொன்னீர்கள் என்றார். சொட்டு மருந்து கொடுத்தார். நான் ஆறரைக்குப் பிறகு சொன்னேன், பொய்யாகச் சொன்னேன், உடனே பார்த்தார்கள்.

சில நாளில் அவன் லீவில் ஊருக்குப் போனான். திரும்பி வந்து அடுத்த பேட்சில் சேர்ந்தானா, கால் உதவாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா, எனக்குத் தெரியாது. அடுத்த கசம் பரேடில் தேடிப் பார்த்தேன். எல்லோரும் ஒரே மாதிரி தொப்பி, ஒரே மாதிரி நடை, என் கண்ணுக்கு ஒருவனும் தனியாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு காண்ட்ராக்டர் மாறி, வயதானவர்களை நிறுத்திவிட்டார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் எனக்காகச் சிலதைச் சரிபார்க்க வேண்டும். நேரம் ஆறரைதானா, சில மாதம் ஆறே முக்காலாக இருந்ததா என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது. இடது கால் என்று எழுதியிருக்கிறேன், மாவுக்கட்டு போட்டதை நினைத்துப் பார்த்தால் வலது போலவும் இருக்கிறது. அந்த நீள நோட்டுகளை முடிந்ததும் தூக்கிப் போட மாட்டார்கள், சணல் கயிறு கட்டி அலமாரியின் மேல்தட்டில் அடுக்கி வைப்பார்கள், தூசி தட்டியது நான்தான். அங்கே போய்க் கேட்கக்கூடியவர்கள் யாராவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். அவன் பெயர் இரண்டு நாள் இருக்க வேண்டும், இரண்டு நாளும் சிவப்புக் கோட்டுக்கு மேலே. அவன் பெயரையும் அந்த இடத்தையும் இதில் எழுதவில்லை, தனிச் சீட்டில் எழுதி நோட்டின் பின் அட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறேன். இருக்கிறதா என்று பார்த்து, அவன் அம்மாவுக்கு ஒரு வரி எழுதிப் போட முடியுமா என்றும் பாருங்கள்.